சாட்சிச் சீப்பு

லிட்டருக்கு ஒரு கிராம்.
ஐந்நூறு லிட்டர்த் தொட்டி.
கரண்டியின் தலையை விரலால் வழித்துச் சமன்செய்வேன்.
வீட்டில் உப்புப் போடும்போது
இத்தனை கவனம் எனக்குக் கிடையாது.

பொடி விழுந்ததும் தண்ணீர்
கழனித்தண்ணி நிறத்துக்கு வரும்.
வாசமே இல்லை என்பார் மருந்துக்கடைக்காரர்.
உண்டு.
ஈரச் சுண்ணாம்புக்கும் பழைய ரூபாய்த்தாளுக்கும்
நடுவில் ஒன்று.
நாளெல்லாம் கையுறைக்குள் இருந்த விரல்தான்,
ஆனாலும் ராத்திரி சோற்றுப்போசியில் வைக்குமுன்
ஒருதரம் முகர்ந்துகொள்வேன்.

சீக்கு வெளியே இருந்து வருகிறதென்று
வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைத்திருந்தேன்.
பாதிதான் சரி, வெட்டுக்கத்தி கொண்டுவரும் பாதி.
மற்றது,
தாரில் பூ உதிரும்போதே வந்துவிடுகிறது.
பச்சைத்தோலுக்குள் குந்தியிருக்கிறது
வட்டிக்காரனைப்போலச் சத்தம் காட்டாமல்,
காய் இனிக்கத் தொடங்கும் நாளுக்காக.

வெட்டிய ஒரு நாளுக்குள் முக்கினால்
மருந்து பேச்சுக் கேட்கும்.
அதற்குப் பிறகு முக்குவது
குளிப்பாட்டுவது.

ஒவ்வொரு லோடிலும்
ஒரு சீப்பை மட்டும் நான் நனைப்பதில்லை.
குளிர்அறை மூலையில், பதின்மூன்று டிகிரியில்,
கம்பியில் தொங்கும் அது.
அதன் கழுத்துக் கறுத்து, மற்றதெல்லாம் பச்சையாய் நின்றால்
மருந்து வேலை செய்தது என்று கணக்கு.
சாட்சிச் சீப்பு என்பாள் மயிலாத்தாள்.
தின்ன ஆளில்லாமல்
எல்லோர் கண்முன்னும் அழுகுவதுதான் அதற்கு வேலை.

செவ்வாய்க்கிழமை தாளவாடி லோடு வரவில்லை.
மலையில் மழை.
ஆறு மணிக்கு கேட்டைப் போட்டுவிட்டார்களாம்,
புட்டசாமியின் லாரி ஆறு அஞ்சுக்குப் போயிருக்கிறது.
ராத்திரி முழுக்க ஆசனூரில்
தார்ப்பாய்க்கடியில் வியர்த்துக் கிடந்தன காய்கள்.
விடிந்து, திம்பத்தின் இருபத்தேழு வளைவும் இறங்கி,
சத்திக்கு வந்தபோது எட்டேகால்.

அட்டையில் எழுதியிருந்தது:
வெட்டிய நேரம், நேற்று மாலை நாலு.

சீப்பைத் திருப்பிப் பார்த்தேன்.
வெட்டுவாயில் பால் வடிந்து, காய்ந்து,
காப்பிக்கறையாய் இறுகியிருந்தது.
நாலு மணிப் பால் இப்படி இருக்காது.
புட்டசாமி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு கரண்டி சேத்திப் போடு புள்ள,
செரியாப் போயிரும்," என்றார் சென்னியப்பன்.
"சேத்திப் போட்டாச் சீக்கு சாவாதுங்க,
திங்கறவிங்களுக்குத்தான்..."
மீதியை நான் சொல்லவில்லை.
அவர் ஃபோனில் இருந்தார்.
எப்போதும் போலக் கரண்டியை வழித்தேன்.

பன்னிரண்டாம் நாள் கதவைத் திறந்தோம்.
முதலில் வந்தது வாசம்.
புளித்த, இனிப்பான,
கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தலில் அடிப்பது.
பெட்டிக்குப் பெட்டி கழுத்து கறுத்திருந்தது,
வெள்ளைப் பஞ்சு முளைத்திருந்தது.
கைவைத்ததும் காய்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.
மூலையில் சாட்சிச் சீப்பும் அதே கறுப்பு.
எது நனைந்தது, எது நனையாதது,
எனக்கே அடையாளம் தெரியவில்லை.

சென்னியப்பன் தொட்டியைப் பார்த்தார்.
அப்புறம் என்னை.
அப்புறம் மருந்துக்கடைக்குப் போன் போட்டு
டூப்ளிகேட் சரக்கு விற்கிறாயா என்று கத்தினார்.
நான் அந்த அட்டையைத் தேடியெடுத்து
அவர் மேசையில், கண்ணாடிக்கூட்டின் கீழ் வைத்தேன்.
ஒன்றும் பேசவில்லை.
குழிக்குப் பெட்டிகளைச் சுமக்க
சாயந்திரம் வரைக்கும் ஆனது.
மயிலாத்தாளின் கையுறையில் ஓட்டை,
அதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை அடுத்த லோடு.
புட்டசாமி அட்டையை நீட்டினார்.
தோட்டத்தின் பெயர் இருந்தது, தார் எண்ணிக்கை இருந்தது.
மணி எழுதும் இடம் காலி.
கூடவே பேனாவையும் நீட்டினார்.

கையுறையைக் கழற்றிவிட்டு
ஒரு வெட்டுவாயைத் தொட்டேன்.
பால் இன்னும் விரலில் ஒட்டியது.